நவமிக்கு இரண்டு மணி நேரம்

முதல் நாள்

கல்யாண மண்டபத்தில் மேனேஜராகச் சேர்ந்த முதல் நாளே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். முதலாளி நல்ல மனிதர் என்பதால் பிழைத்தேன்.

அதற்கு முன் ராயப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். அங்கே எல்லா நாளும் ஒரே நாள்தான். சரக்கு வந்தால் ஏற்ற வேண்டும், வண்டி காலியாக நிற்கக் கூடாது. அதே புத்தியோடு மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பார்த்தால், ஆவணியில் ஒரு தேதிக்கு மூன்று பார்ட்டிகள் மோதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாளைச் சீந்த ஆளில்லை.

அன்று மதியம் ஓர் அம்மா போன் செய்து அந்த மூன்று பேர் மோதும் தேதியையே கேட்டார். நான் லாரி ஆபீஸ் சாமர்த்தியத்தைக் காட்டினேன். முந்தின நாள் எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டம் இருக்காது, பார்க்கிங் தாராளமாகக் கிடைக்கும், வாடகையும் பேசிக்கொள்ளலாம் என்றெல்லாம் அளந்தேன். அந்த அம்மா என் பெயரைக் கேட்டார். ஷாகுல் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். கையோடு முதலாளிக்குப் போன் போயிருக்கிறது. நான் தள்ளிவிடப் பார்த்த நாள் அஷ்டமி.

சாயந்திரம் முதலாளி வந்தார். திட்டவில்லை. “காலியா இருக்கிற நாள் ஏன் காலியா இருக்குன்னு முதல்ல கத்துக்கங்க பாய். அப்புறம் விக்கலாம்” என்று சொல்லி ஒரு பஞ்சாங்கத்தை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும். வீட்டில் இதற்காக அடி வாங்கியிருக்கிறேன். மண்டப வேலையில் அந்த வியாதிதான் சோறு போட்டது. கல்யாணம் செய்துவைக்க வரும் வாத்தியார்கள் காபி குடிக்க ஆபீஸ் பக்கம் வந்தால் பிடித்து உட்கார வைத்துக்கொள்வேன். வளர்பிறை என்றால் ஏன் அடிதடி, தேய்பிறை என்றால் ஏன் இளப்பம், ஒரு திதி ஏன் ராத்திரி நடுவில் முடிகிறது என்று குடைவேன். சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நானே போனில், “அன்னிக்குக் கரிநாள்மா, வேண்டாம்” என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். கல்யாணத்துக்கு எத்தனை மாதம் முன்னால் மண்டபம் பிடிக்கச் சொல்ல வேண்டும்? இதற்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வரதராஜன் சார் கதையைச் சொல்லாமல் சொன்னால் அந்தப் பதில் அரைகுறையாகத்தான் இருக்கும்.

பஞ்சாங்கத்தை முந்தியவர்

ஆடி மாதம் மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிற மாதம். பெயின்ட் வாடைக்கு நடுவில் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார் அவர். மயிலாப்பூர்க்காரர், இன்சூரன்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் நித்யாவுக்கு அப்போதுதான் வரன் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெர்மனியில் ஒரு ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டிருந்ததால் கல்யாணத்துக்கு அவகாசம் இருந்தது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றார். வருகிற தை அல்ல, அதற்கடுத்த தை. ஒன்றரை வருடம் இருந்தது.

நான் தயங்கினேன். எங்கள் தொழிலில் இது ஒரு சிக்கல். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. அந்த வருடத்துக்கான பஞ்சாங்கம் அதற்குச் சில மாதம் முன்னால்தான் கடைக்கு வரும். அது வருவதற்குள் தேதி பிடித்தால், இருட்டில் கை நீட்டுகிற மாதிரிதான். சாரிடம் அதைச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மொபைலை எடுத்துக் காட்டினார்.

“இதுல நூறு வருஷத்துக்கு இருக்கு பாய். இவா அச்சடிச்சு முடிக்கற வரைக்கும் சந்திரன் காத்துண்டு நிக்கப் போறதா?”

எனக்கு அது புதுமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பிறை கண்ணில் பட்டால்தான் பெருநாள். நாளைக்குப் பெருநாளா இல்லையா என்பதே இன்றைக்குச் சாயந்திரம் வரை தெரியாது. இங்கே ஒருவர் ஒன்றரை வருடத்துக்கு அப்பால் இருக்கும் சந்திரனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஞாயிறு மதியம் வரை மண்டபம் அவருக்கு என்று எழுதினேன். முகூர்த்தம் காலை ஒன்பதுக்குள்.

அதன்பிறகு அவர் அடிக்கடி வந்தார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் வீட்டுக் கல்யாணம் நடக்கும்போது வந்து டைனிங் ஹாலில் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து ஃபேன் காற்று இலைக்கு வருகிறதா என்று பார்த்தார். கை கழுவும் இடத்தில் பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எங்கே தேங்குகிறது என்று குனிந்து பார்த்தார். ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். வாட்ச்மேனிலிருந்து பாத்திரம் தேய்க்கும் அம்மா வரை எல்லோரும் அவருக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கலெக்டர் வந்துட்டாரு என்று குரல் கேட்டால் நானே பேனாவைச் சரியாக வைப்பேன்.

நிற்க ஓர் இடம்

ஒருநாள் மண்டபம் காலியாக இருந்தபோது வந்தார். மேடையில் ஏறி, மணை போடும் இடத்தில் நின்று பார்த்தார். பிறகு இறங்கி, தூண் ஓரமாக வந்து நின்றார். அங்கிருந்து இன்னொரு தூணுக்குப் போனார்.

“பாய், போட்டோக்காராள்ளாம் எங்க நிப்பா?”

காட்டினேன்.

“அப்போ நான் இங்க நின்னா மறைக்குமோ?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாம்பலத்தில் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன். சார் மாதிரியானவர்கள் வீட்டு வழக்கத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டுவார்கள். மேடைக்கு நடுவில் உட்கார வேண்டிய ஆள் எதற்குத் தூண் ஓரத்தில் இடம் தேடுகிறார் என்று கேட்டுவிட்டேன். வியாதிதான், சொன்னேனே.

அவர் கைக்குட்டையை மடித்தபடியே சொன்னார். மனைவி இறந்து நான்கு வருடம். தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக இருக்க வேண்டும். அதனால் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் மணையில் உட்காரப் போகிறார்கள். மடியும் தம்பியின் மடிதான்.

“மேடைல எனக்கு வேலை இல்லை பாய். அதான் மத்த வேலையெல்லாம் நான் எடுத்துண்டுட்டேன்.”

சொல்லிவிட்டு மூன்றாவது தூணுக்குப் போய் நின்று பார்த்தார். அதுவரை கலெக்டர் என்று கிண்டல் செய்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. அன்றிலிருந்து மண்டபத்தில் யாரையும் அந்தப் பெயரைச் சொல்ல விடவில்லை.

இரண்டு கணக்கு

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பத்திரிகை அடிக்கிற பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கோபாலன், அடையாறில் இருப்பவர். அதுவரை சம்பந்தி சொன்ன தேதிக்குச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்கு நேரம் எழுதத் தங்கள் வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டபோதுதான் விவகாரம் வெளியே வந்தது.

விஷயம் இதுதான். பஞ்சாங்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாக்கியம், பழைய சூத்திரப்படி போடுவது. இன்னொன்று திருக்கணிதம், இப்போதைய வானக் கணக்குப்படி போடுவது. இரண்டுக்கும் சில சமயம் சில மணி நேர வித்தியாசம் வரும். வரதராஜன் சாரின் மொபைலில் இருந்தது திருக்கணிதம். அதன்படி அந்த ஞாயிறு விடிவதற்குள் நவமி முடிந்து தசமி வந்துவிடுகிறது. கோபாலன் வீட்டில் தலைமுறையாக வாக்கியம். அதன்படி காலை பத்து மணி வரை நவமி இருக்கிறது. சாதாரண நாளாக இருந்தால் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒன்பதுக்குள் தாலி கட்ட வேண்டிய நாளில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சடித்த பஞ்சாங்கம் வரும் வரை பொறுத்திருந்தால், தேதி பிடிக்கும்போதே இரண்டு வீட்டு வாத்தியாரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நவமியில் தாலி கட்டினால் நான் வரமாட்டேன் என்று கோபாலன் சொல்லிவிட்டார். முடிந்துபோன நவமிக்கு எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று வரதராஜன் சார் கேட்டிருக்கிறார். பேச்சு தடித்தது. மறுநாள் திங்கட்கிழமையைத் தவிர வேறு முகூர்த்த நாள் எதுவும் மண்டபத்தில் காலியில்லை. வேலை நாளில் வேண்டாம் என்று அதை இரண்டு வீட்டிலும் ஒதுக்கிவிட்டார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்த சாருக்கு முகம் சிவந்திருந்தது. சந்திரன் ஒன்றுதான், அது இருக்கும் இடமும் ஒன்றுதான், இதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது, கல்யாணமே நின்றாலும் நிற்கட்டும் என்றார்.

எனக்குச் சொல்ல எங்கள் தெருக் கதைதான் இருந்தது. ஒரு வருடம் எங்களுக்குப் பெருநாள் இரண்டாக வந்தது. கணக்குப்படி முதல் நாளே கொண்டாடியவன் என் மச்சினன். பிறை பார்த்த பிறகு மறுநாள் கொண்டாடியவர்கள் நாங்கள். முதல் நாள் அவன் வீட்டில் பிரியாணி, நான் நோன்பு. எனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தான். நோன்பு திறந்ததும் போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்.

சார் கவனமாகக் கேட்டார். “அப்போ யார் கணக்கு சரி?”

“இன்னும் தெரியலை சார். பிரியாணி ரெண்டு நாளும் நல்லா இருந்துச்சு.”

உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நித்யா வந்தாள்

இரண்டு நாள் கழித்து நித்யா வந்தாள். ஆபீஸ் விட்டு நேராக மின்சார ரயிலில் வந்திருந்தாள், தோளில் பெரிய பை. ஒரு கையில் மொபைல், இன்னொரு கையில் பஞ்சாங்கம். இரண்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“பாய் மாமா, பத்து மணிக்கு மேல ரெண்டும் தசமின்னுதான் சொல்றது. பத்தரைக்கு மேல நல்ல லக்னம் இருக்குன்னு வாத்தியார் சொல்றார். ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சா சண்டைக்கே காரணம் இல்லை. ஹால் கிடைக்குமா?”

மண்டபம் எப்படி ஓடுகிறது என்று அவளுக்குச் சொன்னேன். ஒன்பதுக்கு முகூர்த்தம் என்றால் பதினொன்றரைக்குச் சாப்பாட்டுப் பந்தி தொடங்கும். மூன்று மணிக்குச் சாவி அடுத்த பார்ட்டிக்குப் போகும். அவர்கள் மூன்றிலிருந்து ஆறு வரை மேடை அலங்காரம் செய்து ஆறு மணிக்கு வரவேற்பு வைப்பார்கள். முகூர்த்தம் பதினொன்று ஆனால் பந்தி ஒன்றரை ஆகிவிடும். சாவி ஐந்துக்குத்தான் கைமாறும். அந்த ஞாயிறு சாயந்திரத்தை இதுவரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் தை மாதம், நிச்சயம் யாராவது வருவார்கள்.

அவள் முகம் வாடிவிட்டது. நேரம் கிடைத்தாலும் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம் என்றாள். இந்தக் கல்யாணத்தில் அப்பா எதற்காக இப்படி ஒவ்வொன்றுக்கும் அடம் பிடிக்கிறார் என்றே புரியவில்லை என்றும் சொன்னாள். சித்தப்பா மணையில் உட்காரலாம் என்று முதலில் சொன்னதுகூட அவர்தானாம். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அடுத்தவர் வீட்டு விஷயம். ஆனால் தூண் தூணாக நின்று பார்த்த மனிதர் கண்முன் வந்துவிட்டார். சொன்னேன். எந்தத் தூண் என்றும் காட்டினேன்.

அவள் போய் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிறு சாயந்திரம் ஐந்து மணி வரை மண்டபம் எங்களுக்கு வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “தை மாச ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பூட்டி வைக்கவா பாய் ஹால் கட்டினேன்?” என்றார். ஐந்து மணிக்கு வர ஒத்துக்கொள்ளும் பார்ட்டியை நானே பிடித்துத் தருகிறேன் என்று அதற்கும் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

சம்பந்திகள்

அந்த வாரமே இரண்டு சம்பந்திகளையும் மண்டபத்துக்கு வரவழைத்தாள் நித்யா. சமையல்காரரிடம் டிபன் பற்றிப் பேச வேண்டும் என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லியிருந்தாள். என் ஆபீஸில் இரண்டு நாற்காலியில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இருங்கள் என்று கையைக் காட்டினாள்.

அவள் கோபாலனிடம்தான் பேசினாள்.

“மாமா, நீங்க சொல்ற மாதிரி நவமி போனப்புறமே வெச்சுக்கலாம். அந்த நேரத்துக்கு அப்பா கணக்குலயும் தசமிதான், அதனால அப்பாவும் தோத்துப்போகலை. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். தாரை வார்க்கறது சித்தப்பா சித்தியே வார்க்கட்டும். நான் எங்கப்பா மடிலதான் உக்காருவேன்.”

வரதராஜன் சார் எழுந்துவிட்டார். நித்யா, அதெல்லாம் பேசாதே என்றார்.

கோபாலன் மொபைலை எடுத்து வாத்தியாருக்குப் போன் போட்டார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நவமிக்கு ஒரு மணி நேரம்கூட இடம் கொடுக்காதவர் இதற்கு என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். அந்தப் பக்கம் வாத்தியார் நிறையப் பேசினார். இவர் ம், ம் என்று கேட்டுவிட்டு வைத்தார்.

“தாரை வார்க்கத்தான் தம்பதியா இருக்கணுமாம். மடில வெச்சுக்கப் பெத்தவனுக்கு என்ன தடைன்னு கேக்கறார்” என்றவர், சாரின் பக்கம் திரும்பினார். “ஏன் ஓய், இத்தனை மாசமா ஃபேன் காத்து வரதான்னு பார்த்தீரே, இதை ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கப்படாதா? நானே போய் வாத்தியாரைக் கேட்டிருப்பேனே.”

சார் யாரையும் கேட்கவே இல்லை. யாராவது சொல்வதற்குள் தானே ஒதுங்கிக்கொண்டுவிட்டார். அதை மறைக்கத்தான் இத்தனை ஓட்டமும். மெதுவாக உட்கார்ந்து, பதினொரு மணி என்றால் காலையில் டிபன் இரண்டு பந்தி கூடுதலாகப் போட வேண்டியிருக்கும் என்றார். அதுதான் அவர் சம்மதம் சொன்ன விதம்.

முருகேசன்

இனி என் பாடு. ஐந்து மணிக்குச் சாவி என்றதும் இரண்டு பார்ட்டிகள் திரும்பிப் போய்விட்டார்கள். முதலாளி என்னைப் பார்க்கும் போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முருகேசன் வந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் கிரில், கேட் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். மகளுக்குத் திடீரென்று இடம் அமைந்து, திங்கள் காலை ஏழு மணிக்குள் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். ஞாயிறு சாயந்திரம் வரவேற்பு. பத்து மண்டபம் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன், மேடையைப் பற்றிய கதை உட்பட.

“மூணு வாரத்துல கண்ணாலம் கீது பாய். நானே மண்டபம் கெடைக்காம சுத்திக்கினுகீறேன். அந்தப் பொண்ணு அவங்க அப்பா மடில குந்தறதுக்கு ரெண்டு மணி நேரம் கேக்குது, நான் இன்னா இல்லன்னு சொல்லவா?”

ஆனால் ஒரு மணி நேரத்தில் மேடை அலங்காரம் முடியுமா என்று அவரே கவலைப்பட்டார். மேடையைப் போய்ப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். பின்னணி அலங்காரத்துக்கான ஃப்ரேம் முழுவதையும் தன் பட்டறையிலேயே அடித்து, துணியும் பூவும் அங்கேயே கட்டி, அடியில் சக்கரம் போட்டு உருட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். அலங்காரக்காரருக்கும் வேலை மிச்சம் என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். காலையில் கட்டிய வாழைமரத்தையும் வாசல் தோரணத்தையும் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போக வேண்டும். வரதராஜன் சாருக்குப் போன் செய்தேன். வாழைமரம் கொஞ்சம் பெரியதாகவே கட்டச் சொல்கிறேன் என்றார்.

அந்த ஞாயிறு

காலையில் கோபாலன் டைனிங் ஹாலில் கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று காபி குடித்தார். பத்து மணி தாண்டியதும் எழுந்து, நவமி போயாச்சு என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். வரதராஜன் சார் தன் மொபைலை எடுக்கவில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை. மணையில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். பிறகு சித்தப்பா எழுந்து இடம் விட, சார் உட்கார்ந்தார். நித்யா வந்து மடியில் உட்கார்ந்தாள். ஒன்பது கஜப் புடவையும் மாலையுமாக அவள் பாரம் தாங்காமல் அவர் கால் ஒருமுறை நடுங்கியது. உடனே சரி செய்துகொண்டார். நான் அவருடைய தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் தேடிப் பிடித்த இடம் சரிதான், அங்கிருந்து முகம் நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பின்னால் முருகேசன் வந்து நின்றார். ஃப்ரேம் ஏற்றிய வண்டி சந்து முனையில் காத்திருந்தது. இதைப் பார்க்க வேண்டும் என்று சீக்கிரமே வந்துவிட்டாராம்.

கெட்டி மேளம் முழங்கியது. தாலி ஏறியது. அட்சதை விழுந்து ஓய்ந்தது. பெண்ணை எழுப்பி மாப்பிள்ளை பக்கம் உட்கார்த்த வேண்டும். சாரின் கை அவளைச் சுற்றி அப்படியே இருந்தது. கண் எங்கேயோ இருந்தது. வாத்தியார் குனிந்து, “மாமா, விடுங்கோ. குழந்தை எழுந்துக்கணும்” என்றார். காதில் விழவில்லை. இரண்டாம் முறை தோளைத் தொட்டுச் சொன்னார்.

சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“ஆயிடுத்தா? அதுக்குள்ளயா?”

ஒன்றரை வருடம் திட்டம் போட்ட மனிதர் கேட்டார். நித்யா திரும்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பின்னால் முருகேசன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அதே மேடையில் அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்து மணிக்குச் சாவி கைமாறியது. ஃப்ரேம் உருண்டு வந்து பதினைந்து நிமிடத்தில் மேடையில் நின்றது. வாழைமரம் அப்படியே இருந்தது.

கேள்விக்குப் பதில்

எத்தனை மாதம் முன்னால் என்று கேட்டீர்கள். பஞ்சாங்கம் அச்சாகி வந்த பிறகு வரச் சொல்லுங்கள். இரண்டு வீட்டு வாத்தியாரும் ஒரே நேரத்தைச் சொன்ன பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் இருந்தால் தாராளம். முருகேசன் மாதிரி மூன்று வாரத்திலும் நடக்கும், கொஞ்சம் நாக்குத் தள்ளும், அவ்வளவுதான்.

தேதி கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் மேடையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கிறேன். மண்டபக்காரனுக்கு இது எதற்கு என்று சிலர் முறைக்கிறார்கள். மணை எத்தனை போட வேண்டும் என்று தெரிய வேண்டாமா என்று சமாளித்துவிடுவேன். அப்போது, உடன் வந்தவர்களில் யாராவது ஒருவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் எல்லோருக்கும் காபி கொண்டுவரச் சொல்கிறேன்.